எல்லாம் சிவப்பு

மலிவாய்க் கிடைத்ததென்று
ஒரே ரோல் சிவப்பு ஒயர் வாங்கிவந்தார் சுடலைமணி.
ஹெட்லைட்டுக்குச் சிவப்பு, ஹாரனுக்குச் சிவப்பு,
எர்த்துக்கும் அதே சிவப்பு.
"மனசுல படம் இருக்கு" என்றார்.
அந்தப் படம் மார்ச்சில் வரைந்தது.
இது ஆகஸ்ட்.

ஷார்ஜா, ரோலாவுக்குப் பின்தெரு.
கட்டடத்துக்கு அடியில் பார்க்கிங்.
காற்றைப் பிழிந்தால் அரை வாளி தேறும்.
இண்டஸ்ட்ரியல் ஏரியாவில்
எடைக்கு வாங்கிய சட்டம்,
எவனோ விழுந்தெழுந்து விற்ற எஞ்சின்,
டேங்க் மட்டும் புதிது, அதற்கு மூடி இல்லை.
எங்கள் இரண்டு சம்பளத்தையும் குடித்துவிட்டு
பதினேழாம் நம்பர் தூணில் சாய்ந்து நிற்கிறது.
சனிக்கிழமை டெஸ்டிங்.

பகலில் நான் கிளினிக்கில் ஈசிஜி எடுப்பவள்.
எல்ஈடி மாட்டிய முதல்நாள்
இண்டிகேட்டர் துடித்த துடிப்பை
ஒரு நெஞ்சில் கண்டிருந்தால்
டாக்டரை ஓடிப்போய் அழைத்திருப்பேன்.
ரிலே மாற்றினோம், நாடி சீரானது.
ஆனால் மீட்டருக்குள் அந்தப் பச்சைப் பொட்டு,
திருப்பத்தைச் சொல்லும் சின்ன விளக்கு,
எரியவே மாட்டேன் என்கிறது.
மூன்று பல்பு மாற்றியாயிற்று.
மூன்றும் நல்ல பல்புதான்.

வியாழன் இரவு
நான் மீட்டரோடு உட்கார்ந்தேன்.
ஒரு முனையை அவர் தொட,
மறுமுனையை நான் தேட,
பீப் என்றால் பெயர் வைப்பேன்.
காலாவதியான ஈசிஜி ஸ்டிக்கரில் எழுதி
ஒவ்வொரு சிவப்பின் கழுத்திலும் ஒட்டினேன்:
பிரேக். இடது. வலது. சாவி.
ஒன்றுக்கு மட்டும் 'யார் நீ'.

"அந்தச் செவப்பைப் பிடி."
"எந்தச் செவப்பு?"
இதற்குமேல் நாங்கள் பேசிக்கொண்டதை
இங்கே எழுதுவதற்கில்லை.

பதினொரு மணிக்கு வாட்ச்மேன் ஷஹாபுதீன்
வழக்கம்போல் டியூப்லைட்டை அணைத்தார்.
"இன்னும் பத்து நிமிஷம், பாய்!" என்று
கத்த வாய் திறந்தவள்
அப்படியே நின்றேன்.

இருட்டில்
இடப்பக்கம் பளீர் பளீரென்று மின்ன
வலப்பக்கமும்,
யாரும் கூப்பிடாமல்,
தூக்கத்தில் இமை துடிப்பதுபோல்
மங்கலாய், மங்கலாய்.

ஐந்து மாதமாய் வெளிச்சத்தில் தேடியது
விளக்கணைந்ததும் தானே வந்து நின்றது.

இடத்துக்கும் வலத்துக்கும் நடுவே
ஒற்றைப் பல்பைத் தொங்கவிட்டிருக்கிறார்.
இடத்தில் ஏறிய கரண்ட்
பச்சைப் பொட்டுக்குள் நுழைந்து
வலப்பக்க விளக்குகள் வழியாக எர்த்துக்குப் போகிறது.
பழைய பல்புகள் இந்தத் துளியைச் சட்டை செய்திருக்காது.
எல்ஈடிக்கு அதுவே விருந்து.
பச்சைப் பொட்டுக்கோ பட்டினி.

இரண்டு டயோடு போதும்,
போகலாம், திரும்பக்கூடாது என்று சொல்ல.
நடுராத்திரியில் டயோடுக்கு எங்கே போவது?
மாடிக்கு ஓடி
செத்துப்போன போன் சார்ஜரைச் சுத்தியலால் உடைத்தேன்.
உள்ளே நான்கு கறுப்பு உருளைகள்,
ஒவ்வொன்றுக்கும் ஒரு வெள்ளைக் கோடு.
இரண்டைப் பிடுங்கினேன்.

ஷஹாபுதீன் டார்ச் பிடித்தார்.
சுடலைமணி பற்றவைத்தார்,
வியர்வை சொட்டி ஈயம் சீறியது.
கோடு எந்தப் பக்கம் என்று
இரண்டு தடவை கேட்டார்.
கேட்டது எனக்குப் பிடித்திருந்தது.

பச்சை.
இடத்துக்குப் பச்சை, வலத்துக்குப் பச்சை.
மறுபக்கம் கும்மிருட்டு.

ஷஹாபுதீன் வங்காளத்தில் ஏதோ சொன்னார்,
பாராட்டாகத்தான் இருக்கும்.
சாவியைத் திருப்பி, என்னைப் பின்னால் ஏற்றி,
தூண்களுக்கிடையே வளைந்து வளைந்து
குப்பைத்தொட்டி வரை போனார்.
அங்கே பிரேக் பிடித்தார்.

ஹாரன் அலறியது.
மூன்றாம் மாடியில் ஒரு குழந்தை
பதிலுக்கு அலறியது.

நான் இறங்கி, டார்ச்சை வாங்கி,
'யார் நீ'யைத் தேட ஆரம்பித்தேன்.